நான்காம் நாள் தொடங்கிய மாத்திரை: தாராவியில் ஒரு கோவிட் நிகழ்வு ஆய்வு

நோயாளிக்கு வயது 71. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். இளவட்டமாக மும்பைக்கு வந்து தாராவியில் மளிகைக் கடை போட்டவர். இப்போது கடையை மகன் பார்த்துக்கொள்கிறார். 90 அடி ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில் வீடு. கீழே இரண்டு அறை, மேலே ஏணி வைத்து ஏறும் ஒரு மாடி, மொத்தம் ஏழு பேர். தெருவில் எல்லோரும் கூப்பிடுவதுபோல, அவருக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரான நானும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். குடும்பத்தார் சம்மதம் தந்திருக்கிறார்கள். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

சுகர் பதினைந்து வருஷமாக. பிரஷர் அதைவிடப் பழையது. இரண்டு வருஷத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. புராஸ்டேட் வீக்கத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். கோவிட் தடுப்பூசி 2021-ல் கோவிஷீல்டு இரண்டு டோஸ், அதற்கப்புறம் எதுவும் போடவில்லை.

2025 மே, ஜூன் மாதங்களில் இந்தியாவில் கோவிட் மறுபடி கூடியது. ஒமைக்ரானின் ஜேஎன்.1 என்ற திரிபின் வழிவந்த எல்எஃப்.7, என்பி.1.8.1, எக்ஸ்எஃப்ஜி போன்ற உட்பிரிவுகள் அப்போது சுற்றிக்கொண்டிருந்தன. பெரும்பாலானவர்களுக்கு இது நாலைந்து நாள் தொண்டை வலியோடு போய்விடும், அது உண்மைதான். ஆனால் அண்ணாச்சி மாதிரி ஒருவருக்கு வேலை செய்யும் மருந்து இருக்கிறது, நிர்மட்ரெல்விர்-ரிட்டோனாவிர் மாத்திரை. அதை அறிகுறி தொடங்கி ஐந்து நாளுக்குள் தொடங்க வேண்டும். அந்த ஐந்து நாளில் பெரும்பகுதி ஒரு வீட்டில் எப்படிக் கரைந்தது, மிச்சத்தில் என்ன செய்தோம் என்பதை விவரமாகச் சொல்வது மற்ற வீடுகளுக்கு உதவும் என்று நம்புகிறேன்.

முதல் மூன்று நாள்

ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் திரும்பியிருந்தார். வந்த மறுநாள் சாயங்காலம் தொண்டை கரகரத்தது. இதுதான் முதல் நாள். மருந்துக்கான கணக்கு அறிகுறி தொடங்கிய நாளிலிருந்து ஓடுகிறது. டெஸ்ட் எடுத்த நாளிலிருந்து எண்ணுகிறவர்கள் நிறையப் பேர், அதில் இரண்டு நாள் காணாமல் போய்விடும்.

இரண்டாம் நாள் 101 டிகிரி காய்ச்சல், உடம்பு வலி, மூக்கொழுகல். பேரன் அலமாரியில் கிடந்த வீட்டு டெஸ்ட் கிட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தான். ஒரே ஒரு கோடு. கோவிட் இல்லை என்று வீடே நிம்மதியாகிவிட்டது. அந்தக் கிட் 2022-ல் வாங்கியது. பெட்டியின் அடியில் அச்சடித்திருந்த காலாவதித் தேதி எப்போதோ முடிந்திருந்தது. சரி, புதுக் கிட்டாகவே இருந்தாலும் முதல் ஓரிரு நாளில் வரும் ஒற்றைக் கோட்டை நம்பி உட்கார முடியாது. ஆன்டிஜன் டெஸ்ட், மூக்கில் வைரஸின் புரதம் போதுமான அளவு சேர்ந்த பிறகுதான் காட்டும். தடுப்பூசியையோ முந்தைய தொற்றையோ பார்த்த உடம்பு வைரஸைச் சீக்கிரமே அடையாளம் கண்டு காய்ச்சலைக் கிளப்பிவிடுகிறது, வைரஸ் பெருகி உச்சத்துக்குப் போவது அதற்குப் பிறகு. அறிகுறி இருந்து ஒரு கோடு வந்தால் 48 மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், அல்லது ஆர்டி-பிசிஆர் கொடுக்க வேண்டும்.

அன்று ராத்திரி மகன் பக்கத்து மெடிக்கலுக்குப் போய் அப்பாவுக்குக் காய்ச்சல் என்றார். அசித்ரோமைசின் 500, ஒரு இருமல் சிரப், காகித உறையில் போட்ட சின்ன வெள்ளை மாத்திரைகள் கிடைத்தன. வெள்ளை மாத்திரை காலை ஒன்று, ராத்திரி ஒன்று. உறையில் பெயர் இல்லை. பிறகு பட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் மெத்தில்பிரெட்னிசோலோன் 8 மில்லிகிராம், அதாவது ஸ்டீராய்டு.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது, உடம்பு வலியும் விட்டது. "பாத்தியா, சரியாயிட்டு" என்று அண்ணாச்சி இட்லி சாப்பிட்டிருக்கிறார். ஸ்டீராய்டு செய்யும் வேலை இதுதான். காய்ச்சலையும் வலியையும் அமுக்கிவிடும், வைரஸ் உள்ளே பெருகிக்கொண்டே இருக்கும். ஸ்டீராய்டு யாருக்குப் பலன் தரும் என்பதை 2020-ல் பிரிட்டனில் நடந்த ரெகவரி ஆய்வு தெளிவாகக் காட்டியது. ஆக்ஸிஜன் தேவைப்படும் நிலைக்குப் போனவர்களிடம் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மரணத்தைக் குறைத்தது. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலனே இல்லை, கெடுதல் இருக்கலாம் என்ற பக்கம்தான் எண்கள் சாய்ந்தன. 2021-ல் ஸ்டீராய்டு சாப்பிட்ட சுகர் நோயாளிகள் எத்தனை பேர் கறுப்புப் பூஞ்சையில் கண்ணை இழந்தார்கள் என்பதை இந்த நாடு பார்த்தது. அப்படியிருந்தும் அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை இன்னும் பெயரில்லாத உறையில் கைமாறிக்கொண்டிருக்கிறது. எனக்கு இதில் ஆறாத கோபம் உண்டு.

மருமகள்தான் கவனித்தார். "டாக்டரம்மா, மாமா தண்ணி தண்ணின்னு குடிக்காங்க. ராத்திரி பூரா எந்திச்சு எந்திச்சு பாத்ரூம் போறாங்க. சுகர் பாத்தேன், 346 காட்டுது" என்று மூன்றாம் நாள் ராத்திரி போன் செய்தார். ஸ்டீராய்டைப் பிடித்துக் கொடுத்தது சுகர்தான். வெள்ளை மாத்திரையை உடனே நிறுத்தச் சொல்லி, எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் காலையில் அழைத்துவரச் சொன்னேன். இரண்டு நாள் மட்டுமே சாப்பிட்டதால் சட்டென்று நிறுத்துவதில் சிக்கல் இல்லை. பல வாரம் சாப்பிட்டவர் அப்படி நிறுத்தக் கூடாது.

ஏன் முதலிலேயே வரவில்லை

கேட்டேன். அண்ணாச்சி பதில் சொல்லவில்லை, மகன்தான் சொன்னார். 2020 ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் கோவிட் நோயாளி கண்டறியப்பட்ட பிறகு சந்து சந்தாக அடைத்தார்கள், வீடு வீடாகக் காய்ச்சல் பார்த்தார்கள், தொற்று வந்தவர்களையும் அவர்களோடு பழகியவர்களையும் பள்ளிக்கூடங்களிலும் விளையாட்டு வளாகத்திலும் கொண்டுபோய்த் தங்கவைத்தார்கள். இரண்டு சதுர கிலோமீட்டர் சொச்சத்தில் லட்சக்கணக்கானோர் நெருக்கியடித்து வாழும் இடம். வீட்டில் தனி அறை கிடையாது, பல குடும்பத்துக்கு ஒரே கழிப்பறை. அப்போது அதைத் தவிர வேறு வழி இல்லை. அது நிறைய உயிர்களைக் காப்பாற்றியது என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் அண்ணாச்சிக்கு அதன் ஞாபகம் வேறு மாதிரி. கட்டிலில் தனியாகக் கிடந்தது, வீட்டு வாசலில் தகடு அடித்தது, திரும்பி வந்தபோது சிலர் கடைப்பக்கம் வராமல் போனது. இந்த முறையும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், "டெஸ்ட் எடுத்தா சீல் வெச்சிருவாங்க" என்று சொல்லியிருக்கிறார். இப்போது அப்படி யாரையும் கூட்டிப்போவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று கோவிட் அவசரநிலையை முடித்துக்கொண்டது. 2025-ல் தொற்று வந்தவர் வீட்டிலேயே இருக்கலாம். இந்த ஒரு தகவல் முதல் நாளே அவர் காதில் விழுந்திருந்தால் முதல் நாளே வந்திருப்பார். வயதானவர்கள் டெஸ்ட்டுக்கு மறுக்கும்போது பிடிவாதம் என்று அதட்டாமல், எதற்குப் பயப்படுகிறார்கள் என்று கேளுங்கள். தாராவியில் நான் பார்த்தவரை பாதிப் பேர் 2020-க்குத்தான் இன்னும் பயப்படுகிறார்கள்.

நான்காம் நாள் காலை

மழை கொட்டிக்கொண்டிருந்தது. மாஸ்க்கோடு நடந்தே வந்தார். வெப்பநிலை 99, நாடித்துடிப்பு 96, பிரஷர் 150/90. ஆக்ஸிஜன் 96, ஆறு நிமிஷம் நடக்கவிட்டுப் பார்த்ததில் 95. மூன்று புள்ளிக்கு மேல் இறங்கியிருந்தால் கவலைப்பட்டிருப்பேன். நெஞ்சில் சளிச் சத்தம் இல்லை. ஜூன் மாத மும்பையில் காய்ச்சல் என்றால் மலேரியாவையும் டெங்குவையும் விட முடியாது, அதற்கும் ரத்தம் எடுத்தோம், இரண்டும் இல்லை. புதிய ஆன்டிஜன் கிட்டில் பத்து நிமிஷத்துக்குள் இரண்டாவது கோடு அழுத்தமாக விழுந்தது.

"ஊருல எல்லாருக்கும் வந்த சளிதானம்மா. கல்யாண வீட்டுல பாதிப் பேரு இருமிட்டுத்தான் இருந்தாவ. இதுக்குப் போயி இவ்ளோ பாக்கணுமா?" என்றார்.

நியாயமான கேள்வி. கல்யாண வீட்டில் இருமியவர்களில் பெரும்பாலோருக்கு எந்த மருந்தும் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2023 நவம்பர் வழிகாட்டுதல் இந்தக் கணக்கை மூன்றாகப் பிரிக்கிறது. உறுப்பு மாற்று செய்தவர்கள் போல எதிர்ப்பு சக்தி ஒடுங்கியவர்களுக்கு மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு சுமார் 6 சதவீதம், 65 வயதைத் தாண்டியவர்கள், சுகர், சிறுநீரக நோய், உடல்பருமன் போன்றவை உள்ளவர்களுக்கு சுமார் 3, மற்றவர்களுக்கு 0.5. அண்ணாச்சி நடுப்பிரிவில் வருகிறார். ஆனால் வயது, சுகர், சிறுநீரகம், இதயம் என்று நான்கும் ஒரே ஆளிடம், கடைசி ஊசி போட்டு நாலு வருஷம். என் கணிப்பில் அவர் நடுப்பிரிவின் மேல் விளிம்பில் இருந்தார். அதனால் மருந்து கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

எந்த மருந்து

வீட்டில் 'ரெம்டெசிவிர்' என்ற பெயர்தான் தெரிந்திருந்தது. 2021 ஏப்ரலில் ஒரு குப்பிக்காக ஊரெல்லாம் அலைந்தார்கள், கள்ளச் சந்தையில் சொன்ன விலையைக் கொடுத்தார்கள். அன்று அது பெரும்பாலும் நுரையீரல் கெட்டு ஆக்ஸிஜன் இறங்கிய பிறகு போடப்பட்டது, பலன் சுமார்தான். அதே மருந்தை அறிகுறி தொடங்கி ஏழு நாளுக்குள், மூன்று நாள் தொடர்ந்து ஊசியாகக் கொடுத்தபோது மருத்துவமனைச் சேர்க்கை பெரிய அளவில் குறைந்தது என்று பிறகு வந்த ஓர் ஆய்வு காட்டியது. அண்ணாச்சிக்கு இதுவும் ஒரு வழிதான். மற்ற மாத்திரைகளோடு பெரும்பாலும் மோதாது என்பது இதன் பெரிய வசதி. ஆனால் மூன்று நாளும் மழையில் மருத்துவமனைக்குப் போய் டிரிப் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

மோல்னுபிராவிர் என்று ஒரு கேப்சூல் உண்டு. பிரிட்டனில் 25,000-க்கும் மேற்பட்டவர்களிடம், பெரும்பாலும் தடுப்பூசி போட்டவர்களிடம் நடத்திய ஆய்வில் அது மருத்துவமனைச் சேர்க்கையையும் மரணத்தையும் குறைக்கவில்லை. சீக்கிரம் தேறினார்கள், அவ்வளவுதான். வேறு எதுவும் முடியாது என்றால் மட்டுமே அதை யோசிப்பேன். ஐவர்மெக்டின், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், அசித்ரோமைசின் இவற்றுக்கெல்லாம் கோவிட்டில் வேலையே இல்லை. அசித்ரோமைசினை அப்போதே நிறுத்தினோம்.

நான் தேர்ந்தது நிர்மட்ரெல்விரும் ரிட்டோனாவிரும் சேர்ந்த மாத்திரை. வெளிநாட்டில் பாக்ஸ்லோவிட் என்ற பெயரில் வருவது. இங்கே ஹெட்டெரோ நிறுவனம் நிர்மாகாம் என்ற பெயரில் தயாரிக்கிறது; 2022 டிசம்பரில் அதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் தரச் சான்று கிடைத்தது. தடுப்பூசி போடாத, ஆபத்து அதிகமுள்ளவர்களிடம் 2021-ல் நடந்த ஆய்வில் மருத்துவமனைச் சேர்க்கையும் மரணமும் 90 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கின. இன்று எல்லோருடைய உடம்பும் தடுப்பூசியையோ தொற்றையோ பார்த்திருப்பதால் அவ்வளவு பெரிய பலனை எதிர்பார்க்க முடியாது. ஆனால் வயதானவர்களுக்கு, பல நோய் உள்ளவர்களுக்கு, கொடுப்பது நியாயம் என்று சொல்லும் அளவுக்கு மிச்சப் பலன் இருக்கிறது.

மஞ்சள் பையைக் கொட்டியபோது

இந்த மருந்தில் கஷ்டமான பகுதி இதுதான். மருமகள் கொண்டுவந்த மஞ்சள் பையை மேசையில் கொட்டினோம். சுகருக்கு மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின்; பிரஷருக்கு ஆம்லோடிபின்; கொழுப்புக்கு அடோர்வாஸ்டாடின்; ஸ்டென்ட்டில் ரத்தம் உறையாமல் இருக்க குளோபிடோக்ரெல்; புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின். கூடவே யாரோ சொன்னார்கள் என்று வாங்கிய ஏதோ ஒரு மூலிகைப் பொடி.

ரிட்டோனாவிர் கோவிட் வைரஸை எதுவும் செய்யாது. எச்ஐவி சிகிச்சையில் பல காலமாக இருக்கும் மருந்து அது. கல்லீரலில் சிஒய்பி3ஏ4 என்ற நொதியை முடக்கும். நிர்மட்ரெல்விரைச் சீக்கிரம் உடைத்துத் தள்ளிவிடும் நொதி அது. அதை முடக்கினால்தான் நிர்மட்ரெல்விர் ரத்தத்தில் நின்று வேலை செய்யும். பிரச்சினை என்னவென்றால், பையில் இருந்த பாதி மாத்திரைகளை உடைப்பதும் அதே நொதிதான்.

அடோர்வாஸ்டாடின் ரத்தத்தில் ஏறி தசையைக் கெடுக்கலாம். மருந்து முடிந்து மூன்று நாள்வரை நிறுத்தச் சொன்னேன். கொழுப்பு மாத்திரையை ஒரு வாரம் விட்டால் ஒன்றும் ஆகாது. ஆம்லோடிபினைப் பாதியாக்கினேன், இல்லையென்றால் பிரஷர் தடாலென்று இறங்கித் தலை சுற்றும். டாம்சுலோசினையும் நிறுத்தினோம், எழுபது வயதுக்காரர் ராத்திரி ஏணிப்பக்கம் எழுந்து நடக்கும் வீட்டில் மயங்கி விழ விட முடியாது. சிறுநீர் அடைத்தால் உடனே கூப்பிடச் சொன்னேன். மூலிகைப் பொடி கல்லீரலில் என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது, அது வெளியே.

குளோபிடோக்ரெல்தான் யோசிக்கவைத்தது. மற்றவை ஏறும் என்றால் இது எதிர்ப்பக்கம். குளோபிடோக்ரெல் கல்லீரலில் மாறிய பிறகுதான் வேலை செய்யும். ரிட்டோனாவிர் அந்த மாற்றத்தைத் தடுக்கிறது. ரத்தம் உறையாமல் காக்க வேண்டிய மாத்திரை வெறும் மாத்திரையாகிவிடும். ஸ்டென்ட் வைத்துச் சில வாரமே ஆனவர் என்றால் இந்த மருந்தையே தொட்டிருக்க மாட்டேன், ரெம்டெசிவிர்தான். அண்ணாச்சிக்கு இரண்டு வருஷம் ஆகிவிட்டது. ஸ்டென்ட் வைத்த இதய மருத்துவரிடம் என் அறையிலிருந்தே பேசினேன். ஆஸ்பிரின் வயிற்றெரிச்சல் தந்ததால்தான் குளோபிடோக்ரெல் மட்டும் கொடுத்திருந்தாராம். அந்த நாள்களுக்கு வயிற்று மாத்திரையோடு ஆஸ்பிரின் 75-க்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார். பேச்சு இரண்டு நிமிஷம்கூட இல்லை. அந்தப் போன் இல்லாமல் மருந்து எழுதியிருக்க மாட்டேன்.

டாபாகிளிஃப்ளோசினை வேறு காரணத்துக்காக நிறுத்தினேன். சரியாகச் சாப்பிடாமல், காய்ச்சலோடு இருக்கும்போது அந்த மாத்திரை சுகர் பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் அமிலத்தைக் கூட்டிவிடலாம். கோவிட்டாக இருந்தாலும் வேறு எந்தக் காய்ச்சலாக இருந்தாலும் இது பொருந்தும். இந்த வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தங்கள் டாக்டரிடம் இதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு ஏற்றிவிட்ட சுகருக்கு இரண்டு நாள் இன்சுலின் போட வேண்டியிருந்தது.

அடுத்தது சிறுநீரகம். அது எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை கிரியாட்டினின். மூன்று மாதத்துக்கு முன் அது 1.5. அன்றே மறுபடி எடுத்ததில் 1.6, அதை வைத்துக் கணக்கிட்டால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் 46. 60-க்குக் கீழே இருந்தால் நிர்மட்ரெல்விர் அளவைப் பாதியாக்க வேண்டும், ரிட்டோனாவிர் அப்படியே. வழக்கமாக ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம் நிர்மட்ரெல்விர் இரண்டு, 100 மில்லிகிராம் ரிட்டோனாவிர் ஒன்று, காலையும் ராத்திரியும், ஐந்து நாள். இவருக்கு ஒவ்வொன்றும் ஒன்று. 30-க்குக் கீழே போனவர்களுக்கு அளவு வேறு. அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

மருந்தைத் தேடுவது தனிக் கதை. தாராவியிலும் சயானிலும் கேட்ட கடைகளில் இருப்பு இல்லை. யாரும் கேட்பதில்லை, அதனால் வைப்பதில்லை என்றார்கள். கடைசியில் பரேல் பக்கம் பெரிய மருத்துவமனைகளை ஒட்டிய ஒரு கடையில் கிடைத்தது. மகன் மழையில் போய் வாங்கிவந்து சேரும்போது மணி ராத்திரி எட்டைத் தாண்டியிருந்தது. கிளினிக்கை மூடாமல் காத்திருந்தேன். பெட்டியைப் பிரித்து, ஒவ்வொரு வேளைக்கும் உள்ள இரண்டு நிர்மட்ரெல்விரில் ஒன்றை நானே பிதுக்கி எடுத்து ஒரு டப்பாவில் போட்டேன். பட்டையில் மிச்சம் இருப்பதை அப்படியே விழுங்கினால் போதும், எண்ண வேண்டியதில்லை. வாயால் சொல்லி அனுப்பினால் மூன்று பேர் மூன்று விதமாகக் கொடுப்பார்கள். முதல் வேளை மாத்திரை நான்காம் நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு உள்ளே போனது.

இரண்டு அறையில் ஏழு பேர்

தனி அறை என்று யோசனை சொல்வதில் அர்த்தமில்லாத வீடு. அண்ணாச்சியின் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டோம். ஜன்னலில் ஒரு சின்ன மேசை விசிறியை வெளிப்பக்கம் பார்த்து வைத்தோம். உள்காற்றை அது வெளியே தள்ளும், வாசல் வழியாகப் புதுக்காற்று வரும். கோவிட் பெரும்பாலும் காற்றில் மிதந்துதான் தொற்றுகிறது. தரையை டெட்டால் போட்டுத் துடைப்பதைவிட இந்த விசிறிக்குப் பலன் அதிகம். அவருக்கும் அவர் பக்கம் போகிறவர்களுக்கும் என்95. ஆஸ்துமா உள்ள அவர் மனைவியை அன்றே மகள் வீட்டுக்கு அனுப்பினோம், அவருக்குத் தொற்று வரவில்லை. மற்றவர்கள் மாடியில் படுத்தார்கள்.

ஆக்ஸிமீட்டரை மருமகளிடம் கொடுத்து, காலை மாலை பார்த்து எழுதச் சொன்னேன். விரல் சூடாக இருக்க வேண்டும், மருதாணியோ நகச்சாயமோ கூடாது. கறுத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பது ஆய்வுகளில் நிரூபணமானது. அதனால் ஒரு தடவை காட்டும் எண்ணைவிட அது நாளுக்கு நாள் இறங்குகிறதா என்பதை நான் அதிகம் பார்ப்பேன். 93 அல்லது அதற்குக் கீழே, நிமிஷத்துக்கு 24-க்கு மேல் மூச்சு, நெஞ்சு வலி, பேச்சில் குழப்பம், எழுப்பினால் எழாத தூக்கம். இதில் ஒன்று வந்தாலும் எனக்குப் போன் செய்து காத்திருக்காமல் நேராக சயான் மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன்.

அப்புறம் நடந்தது

வாயில் ஒரு கசப்பும் இரும்பு ருசியும். அதுதான் அவருடைய பெரிய புகார். இந்த மருந்தில் அது சகஜம். "சாயாவே விஷமா கெடக்கு" என்றார். ஆறாம் நாளிலிருந்து காய்ச்சல் இல்லை. ஆக்ஸிஜன் 95-க்குக் கீழே போகவே இல்லை. ஒன்பதாம் நாள் மருந்து முடிந்தது, சுகர் பழைய நிலைக்கு வந்தது.

பதினோராம் நாள் மறுபடி தொண்டை வலி, டெஸ்ட்டில் மறுபடி இரண்டு கோடு. வீட்டில் பதறிவிட்டார்கள். மருந்து முடிந்த சில நாளில் இப்படித் திரும்புவது தெரிந்த விஷயம்தான். மருந்து சாப்பிடாதவர்களிடமும் நடக்கிறது. பெரும்பாலும் லேசாக வந்து தானே போய்விடும். மருந்தைத் திரும்பத் தொடங்கவில்லை, மாஸ்க்கையும் ஜன்னல் விசிறியையும் மட்டும் திரும்பத் தொடங்கினோம். மூன்று நாளில் சரியாயிற்று. நிறுத்திய மாத்திரைகளை எந்த நாளில் மறுபடி தொடங்க வேண்டும் என்பதைத் தேதி போட்டு எழுதிக் கொடுத்திருந்தேன். இதைச் செய்யாவிட்டால் பலர் கொழுப்பு மாத்திரையை மறந்தேபோகிறார்கள்.

இடையில் மகனுக்கும் தொற்று வந்தது. வயது 41, வேறு நோய் இல்லை. "அப்பாவுக்குக் குடுத்ததையே எனக்கும் குடுங்க டாக்டரம்மா, கடையைத் தொறக்கணும்" என்றார். கொடுக்கவில்லை. ஆபத்துக் குறைந்தவர்களிடம் நடந்த ஆய்வில் இந்த மருந்து அறிகுறிகளைச் சீக்கிரம் போக்கியதாகக் காணவில்லை. பாரசிட்டமால், தண்ணீர், ஓய்வு. ஐந்து நாளில் கடையில் இருந்தார், மாஸ்க்கோடு.

வைரஸ் மாறினாலும் மருந்து எப்படி வேலை செய்கிறது

இதை அண்ணாச்சியின் பேத்தி கேட்டாள், நல்ல கேள்வி. கோவிட் மாறுகிறது என்று நாம் படிக்கும்போது பெரும்பாலும் அதன் வெளிப்புற ஸ்பைக் புரதத்தைப் பற்றித்தான் படிக்கிறோம். அது வைரஸின் சட்டை. ஜேஎன்.1-க்கு மூதாதையான பிஏ.2.86, அதற்கு முந்தைய பிஏ.2-வோடு ஒப்பிட்டால் ஸ்பைக்கில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்களோடு வந்தது. எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடி) அடையாளம் காண்பது அந்தச் சட்டையைத்தான். அதனால்தான் 2021 மே மாதம் இந்தியாவில் ஒரு டோஸ் 59,750 ரூபாய்க்கு வந்த காசிரிவிமாப்-இம்டெவிமாப் என்ற எதிர்ப்பொருள் கலவை, ஒமைக்ரான் வந்ததும் பயனற்றுப்போனது. 2022 ஜனவரியில் அமெரிக்கா அதை நிறுத்திவைத்தது.

நிர்மட்ரெல்விர் ஸ்பைக்கைத் தொடுவதே இல்லை. வைரஸ் பெருகும்போது நீளமான புரதத்தை வெட்டித் துண்டாக்கும் ஒரு நொதி அதற்கு வேண்டும். மருந்து போய் உட்காருவது அந்த நொதியில். அதை இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டால் வைரஸால் தானே பெருக முடியாது, ஆகவே அது மெதுவாகத்தான் மாறுகிறது. ரெம்டெசிவிர் தாக்குவதும் உள்ளே நகலெடுக்கும் நொதியைத்தான். திரிபின் பெயர் மாறும்போதெல்லாம் பழைய மருந்து செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டியதில்லை.

தடுப்பூசி, அந்த எதிர்ப்பொருள் கலவைக்கும் இந்த மாத்திரைக்கும் நடுவில் இருக்கிறது. பழைய ஊசி தந்த எதிர்ப்பொருள் புதுச் சட்டையை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது, தொற்று வந்துவிடும். ஆனால் டி அணுக்கள் என்ற எதிர்ப்பு அணுக்கள் ஸ்பைக்கின் மாறாத துண்டுகளையும் சேர்த்து ஞாபகம் வைத்திருப்பதால், நோய் முற்றுவதைத் தடுப்பதில் பழைய ஊசிக்கு இன்னும் பங்கு உண்டு. நாள் போகப் போக, வயது ஏற ஏற, அதுவும் மங்கும். ஆபத்து அதிகமுள்ள மூத்தவர்களுக்கு 6 முதல் 12 மாதத்துக்கு ஒரு முறை ஊசி என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொல்வது அதனால்தான். அண்ணாச்சிக்காக மகன் சில தனியார் மருத்துவமனைகளில் விசாரித்தார், எங்கும் இருப்பு இல்லை. கோடிக் கணக்கில் ஊசி தயாரித்து உலகுக்கே அனுப்பிய நாட்டில், ஆண்டுக்கொருமுறை தேவைப்படும் எழுபது வயதுக்காரருக்கு ஒரு டோஸ் கிடைப்பது இவ்வளவு கஷ்டமாக இருக்கக் கூடாது. ஃப்ளூ ஊசியும் நிமோகாக்கல் ஊசியும் கிடைக்கின்றன. தொற்று விட்டுச் சில வாரம் கழித்து இரண்டையும் போட்டோம். கோவிட் ஊசிக்கு விசாரிப்பதை மகன் விடவில்லை.

இப்போது அந்த வீட்டில் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. மாத்திரைகளின் பெயரும் அளவும், ஸ்டென்ட் வைத்த தேதி, கடைசி கிரியாட்டினின், எடை, இதய மருத்துவரின் நம்பர். கீழே காலாவதி பார்த்து வாங்கிய இரண்டு டெஸ்ட் கிட். அடுத்த முறை காய்ச்சல் வந்தால் இந்தத் தாளைப் போனில் படம் எடுத்து அனுப்பினாலே முதல் நாளே என்னால் முடிவு சொல்ல முடியும். பக்கத்து வீட்டிலும் ஒன்று எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறேன். அங்கே ஒருவர் டிபிக்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறார். அது நிர்மட்ரெல்விரை ரத்தத்தில் நிற்கவே விடாது. நாலு நாள் நிறுத்தினாலும் அதன் விளைவு போகாது, நிறுத்தவும் கூடாது. அவருக்குக் கோவிட் வந்தால் ஆபத்தைப் பொறுத்து ரெம்டெசிவிர்தான் யோசிக்க வேண்டும் என்பது இப்போதே அவர் தாளில் எழுதியிருக்கிறது.

நான் டப்பாவில் பிதுக்கிப் போட்ட பத்து நிர்மட்ரெல்விர் மாத்திரைகளை, "வீணாப் போவானேன், எதிர்த்த வீட்டு அக்காவுக்கும் இருமல்தான்" என்று மகன் கேட்டார். கொடுக்கவில்லை. ரிட்டோனாவிர் துணையில்லாமல் அதைத் தனியாக விழுங்கினால் கல்லீரல் சில மணி நேரத்தில் உடைத்துத் தள்ளிவிடும். அந்த அக்காவை டெஸ்ட் எடுக்க வரச் சொன்னேன், அன்று சாயங்காலமே வந்தார்.